நான் திருப்பிப் போட்ட பேட்டரி

முப்பத்தைந்து வருஷம் நான் சம்பளம் வாங்கியது, மற்றவர்கள் செய்த வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதற்காக. ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. கையில் ஒரு கேஜ், மேஜையில் ஒரு சிவப்பு பெயின்ட் டப்பா. அளவுக்குப் பொருந்தாத சாமான் வந்தால் அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. அதற்கு மேல் பேச்சில்லை. செய்தவர் யூனியன் தலைவராக இருந்தாலும் சரி, என்கூடப் படித்தவராக இருந்தாலும் சரி, புள்ளி விழுந்தால் விழுந்ததுதான். இதில் எனக்கு ரொம்பப் பெருமை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இட்லியைப் புரட்டிப் பார்ப்பேன். கொத்தனார் பூசிய சுவரில் மட்டப்பலகை வைப்பேன். "ஒரு சிவப்பு டப்பா வாங்கித் தரேன், என் நெத்தியிலயும் ஒண்ணு வச்சிடுங்க" என்பாள் என் மனைவி.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. இனி நான் எழுதப்போவது ஒரு பழைய காரைச் சரிசெய்த கதை மாதிரித் தெரியும். அந்தக் காரில் பெரிய தப்பு எதுவும் இருக்கவில்லை.

கார் என் அக்காவுடையது. அவளுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்பத்தூரில் அப்பா கட்டிய வீட்டில் கீழே அவள், மாடியில் நானும் என் மனைவியும். அக்கா பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் மேனேஜருக்குக் காரியதரிசியாக இருந்தாள். அந்த மேனேஜர் வெள்ளைக்காரர். ஊருக்குத் திரும்பும்போது, தன் இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் காரை யாருக்கு விற்பது என்று யோசித்தாராம். "எனக்கு விற்றுவிடுங்கள்" என்று அக்கா கேட்டாளாம். இருபத்தாறு வயதில், கார் ஓட்டத் தெரியாமல், அம்பத்தூரில் கூரை மடக்குகிற பச்சைக் கார் ஒன்றை வாங்கினாள். பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்பா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. நான் பேசினேன். பேசினால்தான் பக்கத்து ஸீட் கிடைக்கும்.

பதினைந்து வருஷம் ஓட்டினாள். ஒருநாள் க்ளட்ச் போயிற்று. சாமான் எங்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டு உள்ளே தள்ளினோம். "கிடைச்சதும் எடுத்துடலாம்" என்றாள். கிடைக்கவே இல்லை. கார் மேல் முதலில் ஒரு தார்ப்பாய் வந்தது. அப்புறம் கொலுப்படி, உடைந்த கட்டில், தண்ணீர் டிரம். ஒரு மழை வருஷம் கொட்டகைக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. அக்கா சாதாரணக் கார் ஒன்றை வாங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பச்சைக் காரைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை. ஆனால் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, டிரம்மை நகர்த்தி, தார்ப்பாயைத் தூக்கி, பானெட்டில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டு வருவாள்.

நான் ஓய்வு பெற்ற மறுமாதம் தார்ப்பாயை எடுத்தேன். ஸீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தரைத் தகடு கை வைத்த இடத்தில் உதிர்ந்தது. பெட்ரோல் டேங்க்குக்குள் செங்கல்தூள் மாதிரித் துரு. என்ஜின் இறுகிப்போயிருந்தது. சிலிண்டர்களில் டீசலை ஊற்றி மூன்று வாரம் ஊறவிட்டு, தினம் காலையில் ஒரு தடவை கம்பியைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பேன். இருபத்திரண்டாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அக்கா விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

ஒன்றே முக்கால் வருஷம் ஆயிற்று. இஞ்ச் அளவு ஸ்பேனர் தேடி அலைந்தேன். இங்கிலாந்திலிருந்து சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகளில் சாமான் வந்தது. டேங்க்குக்குள் சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். என்ஜின் என் கை. ப்ரேக் என் கை. கார்புரேட்டர் இரண்டையும் ஏழு தடவை கழற்றி மாட்டியது என் கை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைச் சொல்வேன்.

வயரிங் மட்டும் வராது. மின்சாரம் எனக்கு எப்போதுமே தகராறு. கேஜ் வைத்து அளக்க முடியாத சாமான் அது. ஆனால் வராது என்று வாயால் சொல்கிற ஆள் இல்லை நான். "பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்" என்று மூன்று மாதம் தள்ளினேன். அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு ஓர் ஆளைக் கூட்டி வந்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் நான்கு பள்ளிக்கூட வேன் வைத்திருக்கிறார். நாற்பது வயது, மரியாதையான மனிதர். அந்த வேன்களுக்கு வயரிங், பேட்டரி, விளக்கு எல்லாம் பார்ப்பவர் ஓர் எலக்ட்ரீஷியன். முகப்பேர் போகிற வழியில் தகரக் கூரை போட்ட கடை அவருடையது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து நான்கு வண்டியையும் பார்த்துவிட்டுப் போவார். அக்கா அவரைத்தான் கூட்டி வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அப்போது நான் அவரை அவன், இவன் என்றுதான் சொல்வேன். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

"இன்னா சார் இது, எலி மொத்த வயரயும் துன்னுட்டு கீது" என்றார், பானெட்டுக்குள் தலையை விட்டபடி. அப்புறம், "பரவால்ல, அங்கங்க பழைய துண்டு கீது. அத்த வச்சி மீதிய புடிச்சிடலாம்" என்றார்.

அவர் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மீட்டர் கிடையாது. இரண்டு பக்கமும் வயர் தொங்குகிற ஒரு பல்ப், அவ்வளவுதான். அங்கே தொடுவார், இங்கே தொடுவார், பல்ப் எரிந்தால் தலையாட்டுவார். பழைய தினசரிக் காலண்டர் தாள்களின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, அதை முன்கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்தார். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று என் பீரோவில் இருந்தது. அதில் வயரிங் படம் உண்டு. அதை அவரிடம் நான் கொடுக்கவில்லை. அழுக்காகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே ஓடிய நினைப்பு வேறு. இவருக்கு எங்கே படிக்கத் தெரியப்போகிறது என்பதுதான் அது.

வேலை நடுவே ஒருநாள் டீ குடிக்கும்போது, "உனக்கு வேலையெல்லாம் எப்படிப்பா வருது?" என்று கேட்டேன்.

"வரும் சார், வராமலும் பூடும். ஆட்டோ வந்தா ஆட்டோ, லோடு வண்டி வந்தா லோடு வண்டி. நிக்காம வர்றது உங்க எதிர் ஊட்டு நாலு வேன்தான். அத்த நம்பிதான் கட வச்சிகினு கீறேன்."

தலையாட்டினேன். அப்போது அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வேலை முடிந்தது. அன்றைக்கு நான் வீட்டில் இல்லை. அண்ணனூரில், என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சாயங்காலம் திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "முடிஞ்சுதுடா! ஸ்டார்ட் பண்ணி, நல்லா ரேஸ் பண்ணிக் காட்டிட்டுப் போனார். எல்லா விளக்கும் எரியுது. பூஜை அன்னிக்கு நான்தான் ஓட்டுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை பானெட்டைத் திறந்தேன். ஒருவர் முடித்த வேலையைப் பார்க்காமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

வயர் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லாததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. கடைசியில் பேட்டரிக்கு வந்தேன். ப்ளஸ் முனையிலிருந்து தடித்த வயர் ஒன்று நேராக வண்டியின் இரும்பில் போய் முடிந்திருந்தது. அதன் பக்கத்தில் சாக்பீஸால் பெரிதாக ஒரு கூட்டல் குறி.

சிரித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, வாய்விட்டுச் சிரித்தேன். எந்த வண்டியிலும் மைனஸைத்தான் இரும்பில் கொடுப்பார்கள். எர்த் என்றால் மைனஸ். இது எனக்கே தெரியும்; மின்சாரத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று விஷயங்களில் அது ஒன்று. இவர் தலைகீழாகக் கொடுத்ததும் இல்லாமல், அதற்கு அடையாளம் வேறு போட்டுவைத்திருக்கிறார்! அக்காவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். நானே திருத்திவிடலாம்.

பேட்டரியைத் தூக்கித் திருப்பி வைத்தேன். க்ளாம்பு பொருந்தவில்லை. பேட்டரியில் ப்ளஸ் முனை கொஞ்சம் தடிமன், மைனஸ் கொஞ்சம் ஒல்லி. மாற்றிப் போட முடியாதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். பொருந்தாத சாமானுக்கு முப்பத்தைந்து வருஷம் சிவப்புப் புள்ளி வைத்தவன் நான். அன்றைக்கு ஒரு க்ளாம்பை அரத்தால் ராவிப் பெரிதாக்கினேன். இன்னொன்றுக்குள் தகரத் துண்டு ஒன்றைச் சுற்றிவைத்து இறுக்கினேன். சாக்பீஸ் குறியைப் பனியன் துணியால் துடைத்தேன்.

பிறகு சோதித்தேன். செல்ஃப் எடுத்தது. ஹார்ன் அடித்தது. விளக்குகள் எரிந்தன. என்ஜினை அணைத்துவிட்டு முன்விளக்கைப் போட்டபோது, கரன்ட்டைக் காட்டுகிற மீட்டரில் முள் வலப்பக்கம், சார்ஜ் என்று எழுதியிருக்கும் பக்கம் சாய்ந்தது. ஆகா, சார்ஜ் கூட ஏறுகிறது என்று மகிழ்ந்தேன். நிற்கிற என்ஜினில் எப்படிச் சார்ஜ் ஏறும் என்று கேட்கத் தோன்றவில்லை. வேறு யாராவது இப்படிச் சோதித்துவிட்டு என்னிடம் கையெழுத்துக்கு வந்திருந்தால் தாளைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஆயுத பூஜை அன்று தெருவே களைகட்டியிருந்தது. எதிர்வீட்டு நான்கு வேன்களும் கழுவி, வாழைக்கன்று கட்டி வரிசையாக நின்றன. எலக்ட்ரீஷியனையும் அவர்கள் அழைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். வேன்காரர் அவருக்குப் புதுத் துண்டு ஒன்றும் பொரிப் பொட்டலமும் கொடுத்தார். எங்கள் வாசலில் பச்சைக் கார். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. தெரு முழுக்க வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

அக்கா ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி இருபது அடி போயிருக்காது, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. முதலில் ஊதுபத்தி என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி பானெட்டின் இரண்டு பக்கமும் கரும்புகை. வயர் எரிகிற நாற்றம். அக்கா இறங்க முடியாமல் கதவோடு மல்லுக்கட்டினாள். யாரோ "பெட்ரோல், பெட்ரோல்" என்று கத்த, கூட்டம் சிதறி ஓடியது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியவர் எலக்ட்ரீஷியன். அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்திவிட்டு, பானெட்டைத் தூக்கி, அந்தப் புதுத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, க்ளாம்பைப் பிடுங்கி எடுத்தார். புகை மெல்ல அடங்கியது. அவர் அப்படியே குனிந்து நின்று உள்ளே பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். சாக்பீஸ் குறி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அக்காவுக்குப் பயம் தெளிந்ததும் கோபமாகிவிட்டது. "என்னப்பா வேலை செஞ்சிருக்கே? உன்ன நம்பித்தானே விட்டேன்! உள்ள மாட்டிக்கிட்டு எரிஞ்சு போயிருப்பேனே!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். அவரோ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். "அப்பவே சொன்னேன் அக்கா, தெருவுல வேலை செய்யறவங்ககிட்ட எல்லாம் இதக் கொடுக்க வேண்டாம்னு" என்றேன். அப்படி நான் ஒருபோதும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் சொன்ன மாதிரி எனக்கே தோன்றியது. தலைகீழாக வயர் கொடுத்ததை நான் பாதி திருத்தியும், மீதி அவர் செய்த கோளாறுதான் எரிந்தது என்று அந்த நிமிஷம் மனதார நம்பினேன்.

அவர் கருகிய துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பீரோவைத் திறந்தேன். அவர் செய்த தப்பு எது என்று கண்டுபிடித்து அக்காவிடம் படம் போட்டுக் காட்டுவதற்காக, அந்தப் புத்தகத்தை எடுத்தேன். வயரிங் பக்கத்தின் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்த வண்டியில் பேட்டரியின் ப்ளஸ்தான் இரும்போடு சேர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டைனமோ கரன்ட்டும் பேட்டரி கரன்ட்டும் ஒன்று சேர்ந்து வயரைப் பொசுக்கிவிடும். என்ஜின் வேகம் எடுக்கும் வரை ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் நிறைய அப்படித்தானாம். எலி தின்று மிச்சம் வைத்த நாலு துண்டு வயரை வைத்து அந்த மனிதர் அதைக் கண்டுபிடித்திருந்தார். நான் புத்தகத்தைப் பூட்டிவைத்துவிட்டு அதைத் தப்பு என்று துடைத்திருந்தேன்.

மூன்று தடவை படித்தேன். கீழே அக்கா படுத்திருந்தாள். பதினெட்டுப் படி இறங்கினால் போதும். இறங்கினேன். ஆனால் போனது, காரைத் தள்ளிக் கொண்டுவந்து விட்டிருந்த கொட்டகைக்கு. தெருவில் எல்லோரும் தூங்குகிற நேரம். பேட்டரியைத் தூக்கி, அவர் வைத்திருந்த மாதிரியே திருப்பி வைத்தேன். தகரத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இனி யார் வந்து பார்த்தாலும் வேலை அவர் செய்தபடியே இருக்கும், எரிந்ததும் அவர் வேலையாகவே இருக்கும். இவ்வளவையும் யோசித்துத்தான் செய்தேன். பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

நான்கு நாள் கழித்து எதிர்வீட்டு வேன்காரர் மாடிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். நீங்க பெரிய எடத்துல செக்கிங்ல இருந்தவரு. அன்னிக்கு பொக வந்திச்சே, அது அவரு வேலையில வந்ததுதானா? நம்ம நாலு வண்டியும் அவர்கிட்டதான் கீது. பசங்க போற வண்டி சார். நீங்க சொன்னா சரி."

என் மனைவி காபி எடுத்து வந்து கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் இவர் கீழே போய் அக்காவிடம் சொல்வார், அக்கா தெருவில் சொல்வாள், காரின் ஒவ்வொரு போல்ட்டையும் நான் முடுக்கினேன் என்று இரண்டு வருஷமாகப் பீற்றிக்கொண்டது எல்லாம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அவர் காபி ஆறுவதற்குள் போட்டு முடித்துவிட்டேன்.

"பசங்க போற வண்டி. நீங்களே யோசிச்சுக்கங்க" என்றேன்.

தப்பு என்று சொல்லவில்லை பாருங்கள். அந்தச் சாமர்த்தியமும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் வேறோர் ஆள், கையில் டிஜிட்டல் மீட்டரோடு வந்து வேன்களைப் பார்த்தான். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே வந்து, இங்கிலாந்துக்குப் புது வயரிங் செட் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன்.

அது வந்ததும், இரண்டு மாதம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வயர் வயராக நானே போட்டேன். ப்ளஸ்ஸை இரும்பில் கொடுத்தேன். "தலைகீழா இருக்கே?" என்று அக்கா கேட்டாள். "இந்த வண்டிக்கு அப்படித்தான். விஷயம் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்" என்றேன். இதை எழுதும்போது கூசுகிறது. அன்றைக்குச் சொல்லும்போது கூசவில்லை.

பொங்கலுக்கு அடுத்த வாரம் கார் ஓடியது. அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆவடி வரை போய்த் திரும்பினாள். வழியெல்லாம் ஜனங்கள் செல்ஃபோனில் படம் எடுத்தார்கள். சிக்னலில் நின்றபோது, "நீ இல்லன்னா இது நடந்தே இருக்காதுடா. வெளியாளுங்கள நம்பினதுதான் என் தப்பு" என்றாள். நான் எதிரே நின்ற லாரியின் பின்பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

குடியரசு தினத்தன்று எங்கள் தெரு நலச் சங்கத்தில் கொடியேற்றினார்கள். முடிந்ததும் என்னை மேலே கூப்பிட்டார்கள். பழைய காரை ஒற்றை ஆளாகச் சரிசெய்த சாதனைக்காகப் பொன்னாடை. போர்த்த வந்தவர் வேன்காரர். போர்த்திவிட்டு மைக்கில், "சார் மாதிரி ஆளுங்க சொன்னா தைரியமா கேக்கலாம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சரிகைத் துண்டு கழுத்தில் உறுத்தியது. என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் சொன்னேன். பேட்டரி, சாக்பீஸ், பீரோவில் வைத்த புத்தகம், மத்தியானம் திருப்பி வைத்தது, வேன்காரர் கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும். அவள் முறத்தில் பச்சைப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லி முடித்ததும், "நான் அந்த மனுஷன நடுத்தெருவுல நிக்க வச்சுக் கத்தினேன்டா" என்றாள். "என்னைக் கையப் பிடிச்சு வெளிய இழுத்துவிட்டவரு." அப்புறம் காரின் சாவியை எடுத்து முறத்தின் பக்கத்தில் வைத்தாள். "நீ போய் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டு வா. அப்புறம் நான் ஒரு நாள் போய்க் கேக்கணும் மன்னிப்பு. அதுவரைக்கும் இந்த வண்டிய நான் தொடமாட்டேன்."

முதலில் வேன்காரரிடம் போனேன். கேட்டுவிட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "விடுங்க சார். பெரியவங்க, இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க. இப்ப வேற ஆளோட பேசி வச்சிட்டேன், இந்த வருஷம் பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் அவர மாத்த முடியாது. அப்பால பாக்கலாம்" என்றார். அந்த 'அப்பால' வராது என்று இருவருக்கும் தெரிந்தது.

முகப்பேர் போகிற வழியில் அந்தக் கடையைத் தேடினேன். இருந்த இடத்தில் டீக்கடை. டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவரோரம் ஒரு குடை, ஒரு மரப்பெட்டி. எலக்ட்ரீஷியன் தரையில் உட்கார்ந்து ஆட்டோ ஹார்ன் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்திருக்க வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பெட்டி மேல் இருந்த சாமானை ஒதுக்கி என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "பானெட்ட தூக்கினதும் பாத்தேனே. க்ளாம்புல தகரம் சுத்தி இருந்துது."

"அப்பவே ஏன்பா சொல்லல?"

"பூஜ அன்னிக்கு, உங்க ஊட்டு வாசல்ல, அக்கா எதிர்ல இன்னா சார் சொல்றது? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"அந்த வேன்காரர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அவரு கேட்டாரு சார். நா சொன்னா, தப்பிக்க சொல்றான்னு தோணும். அதான், 'சார போய் கேளுங்க, அத்தினி வருஷம் செக்கிங் பண்ணவரு, தப்பு யாருதுன்னு அவரு கரெக்டா சொல்லிடுவாரு'ன்னேன். நாந்தான் சார் அவர உங்ககிட்ட அனுப்சேன்."